பேர் சொல்லாதவள்

படகு ஓடைக்குள் நுழைந்ததும் கடல் சத்தம் பின்னால் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பாக்காவ் என்ற அலையாத்தி மரங்கள். வேர்களைச் சேற்றுக்கு மேலே தூக்கிக்கொண்டு, சேலையை முழங்காலுக்குச் சுருட்டிய பெண்களைப் போல நின்றன. தண்ணீர் கறுத்த தேநீர் நிறத்தில் இருந்தது. அழுகிய இலையும் உப்பும் கலந்த வாடை அடித்தது.

தங்கமணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "இதைப் பார்க்கவா ரயிலேறிப் படகேறி வந்தோம்?"

"அந்தப் பக்கம் வெள்ளை மணல் இருக்கு. பங்களா இருக்கு" என்றான் இராமலிங்கம்.

"கிராணி ஐயா சொல்றது நிஜம்தாம்மா." படகோட்டி அய்யாவு துடுப்பை நிறுத்தாமல் சொன்னார். "துரைமாருங்க மேடத்தோட வந்து இங்க நண்டு பிடிப்பாங்க. பாதி நேரம் நண்டுதான் துரையைப் பிடிக்கும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

கோலாலம்பூர் ரயில்வே ஆபீசில் அவன் கிராணி, அதாவது குமாஸ்தா. சென்னையில் பி.ஏ. படித்து, அங்கேயே பெண் பார்த்து, வைகாசியில் கல்யாணம் முடித்து அவளைப் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்சுக்கு அழைத்து வந்தான். தலைதீபாவளி வந்தது. மாமனார் வீடு ஒரு கப்பல் பயணத்துக்கு அப்பால் இருந்தது. பண்டிகையன்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழக்கூடாது என்று நினைத்தான். போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு எதிரே ஒரு சின்னத் தீவு, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு பங்களா என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். ஏற்பாடு செய்துவிட்டான்.

வழியில் கிள்ளானில் இறங்கி அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கினார்கள். வேலாயுதம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தீவின் பெயரைக் கேட்டதும் விரல் நின்றுவிட்டது.

"பினாங்குக்குப் போயேண்டா. மலை மேல ரயில் போகுது."

"பங்களாவுக்குச் சொல்லியாச்சுப்பா."

அவர் வெற்றிலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வாயில் போடவில்லை. மருமகள் பின்கட்டுக்குப் போனபிறகு சொன்னார்: "திரும்பற அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள படகு ஏறிடு. ஏறிட்டா திரும்பிப் பார்க்காதே. யார் கூப்பிட்டாலும்."

"அங்க யாருப்பா என்னைக் கூப்பிடப் போறாங்க?"

"சொன்னதைச் செய்."

அப்பா கூலியாகக் கப்பலில் வந்து கங்காணியானவர். தோட்டத்துக் காசில் மகனைக் கடல் கடந்து படிக்க வைத்தவர். 'அப்பனை உரிச்சு வச்சிருக்கான்' என்று அவருடைய சிநேகிதர்கள் சொல்லும்போது இராமலிங்கத்துக்குப் பெருமையாக இருக்கும். அவர் சொன்ன எதையும் அவன் மீறியதில்லை. இதையும் மீற நினைக்கவில்லை.

தீவு அவர்களை நன்றாகத்தான் வைத்துக்கொண்டது. மணலில் நடந்தார்கள். தங்கமணி முதல்முறையாகக் கடலில் கால் நனைத்தாள். அலை வந்ததும் அவன் கையைப் பிடித்தாள், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்ப்பதற்கு யாரும் இல்லை.

"ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு" என்றான்.

"போங்க."

"இந்தத் தீவுல யாருக்குக் கேக்கப் போகுது?"

"புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறைஞ்சிடும்."

"கோயில்ல ஐயர் கேட்டா என்ன சொல்றே?"

"ராமேஸ்வரத்துச் சாமி பேருன்னு சொல்வேன். அவர் புரிஞ்சுக்குவார். பி.ஏ. படிச்சவருக்குத்தான் புரியல."

கடைசி நாள் மத்தியானம் பங்களாவுக்குப் பின்னால் நடந்தபோது அந்த இடத்தைப் பார்த்தார்கள். கூரை இல்லாத நீளமான சிமெண்டுத் தரை. செங்கல் தூண்கள். தரையெல்லாம் பாசி. அங்கே ஒரு பறவைகூடக் கத்தவில்லை. உச்சி வெயிலிலும் தரை ஈரமாக இருந்தது. தங்கமணி அதில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

சாப்பிடும்போது அய்யாவுவிடம் கேட்டாள்.

"அதுவா, கூலி கேம்ப்மா" என்றார் அவர், நண்டுக் காலைக் கடித்து உடைத்தபடி. "அந்தக் காலத்துல நாகப்பட்டினத்துக் கப்பல்ல வர்றவங்களை முதல்ல இங்க இறக்குவாங்க. நோய் நொடி இல்லேன்னாத்தான் தோட்டத்துக்கு விடுவாங்க. ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்களாம். அவளுக்குக் காய்ச்சல் கண்டுடுச்சு. ஆள் ஏத்துற அன்னிக்குத் துரை கேக்கறான், உன் புருஷன் யாரு, பேர் சொல்லுன்னு. பொம்பளை எப்படிச் சொல்லுவா? நிமிர்ந்து அவனைப் பார்த்தாளாம். பார்த்தா துரைக்குப் புரியுமா? காய்ச்சல்காரி புருஷன்னு தெரிஞ்சா அவனையும் இருத்தி வச்சிடுவாங்க. அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டு, யாரோ தெரியாதுங்கன்னு சொல்லிட்டுப் படகேறிட்டான்."

"அப்புறம்?"

"அந்தக் காய்ச்சல்லயே போயிட்டா. பொழுது சாஞ்சா படகுத்துறையில நிப்பாளாம். 'ஏங்க, ஏங்க'ன்னு கூப்பிடுவாளாம். அவ்வளவுதான். செத்தும் அவ வாயில பேர் வரலை பாருங்க." அய்யாவு சிரித்தார். "நானும் வருஷக்கணக்கா வந்து போறேன். என்னை ஒருத்தியும் கூப்பிடலை. என் மூஞ்சி அப்படி லா."

இராமலிங்கமும் சிரித்தான். தங்கமணி சிரிக்கவில்லை.

"அவ சொல்லியிருக்கணும்" என்றாள்.

"நீ சொல்லுவியா?"

இலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "விட்டுட்டுப் போனா சொல்லுவேன்."

சாயங்காலம் சுமத்ராப் பக்கமிருந்து மேகம் ஏறியது. வெளிச்சம் சட்டென்று பழுத்து, பிறகு சாம்பலாயிற்று. "தண்ணி வத்துது ஐயா, சீக்கிரம்" என்று அய்யாவு அவசரப்படுத்தினார். "இன்னும் கொஞ்ச நேரம் போனா படகு சேத்துல உக்காந்துடும்."

பாதி வழியில் தங்கமணி நின்றாள். "தூக்குவாளியை அடுப்பங்கரையிலயே வச்சிட்டேன்."

"போனாப் போகுது விடு."

"அம்மா சீர் கொடுத்தது. மூடியில என் பேர் வெட்டியிருக்கு. இதோ வந்திடறேன்."

ஓடினாள். அவள் கொலுசுச் சத்தம் மரங்களுக்குள் போய் மறைந்தது.

அவன் பெட்டியைச் சுமந்துகொண்டு துறைக்கு வந்தான். மழை பிடித்துக்கொண்டது. எதிரே அய்யாவுவின் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. படகில் உட்கார்ந்து, பலகைத் துறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வந்தாள்.

நனைந்த முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். மழை இருட்டில் சேலையின் நிறம் தெரியவில்லை. படகில் கால் வைத்தாள். படகு ஆடவில்லை.

"தூக்குவாளி எங்கே?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"கிடைக்கலையா? சரி, விடு. வேற வாங்கலாம்."

கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். குளிர்ந்திருந்தாள். சேற்று வாடை அடித்தது. அந்த ஓடையில் எல்லாமே சேற்று வாடைதான்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் அய்யாவு.

"ஏறியாச்சு."

படகு நகர்ந்தது. மழை தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஓடையின் வாய் எதிரே வெளுப்பாகத் தெரிந்தது.

பின்னால், துறையிலிருந்து ஒரு குரல்.

"ஏங்க!"

அய்யாவுவின் துடுப்பு அந்தரத்தில் நின்றது.

"ஏங்க! ஏங்க!"

"திரும்பாதீங்க கிராணி ஐயா." அவர் குரல் மூச்சாக மட்டுமே வந்தது. "முருகா. திரும்பிடாதீங்க."

இராமலிங்கம் திரும்பவில்லை. அப்பா சொன்னது காதில் ஒலித்தது. யார் கூப்பிட்டாலும். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்தான். பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டான். அய்யாவு வெறிபிடித்தவர் போலத் துடுப்புப் போட்டார்.

சேற்றில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. கால் புதைந்து, பிடுங்கி, மறுபடி புதையும் சத்தம்.

"இராமலிங்கம்!"

அவன் பக்கத்திலிருந்தவளின் கையை இறுக்கினான். என் பேர் இதற்கு எப்படித் தெரியும்?

"இராமலிங்கம்! இராம..."

குரல் நடுவில் அறுந்தது. பிறகு மழை மட்டும் பெய்தது.

படகு ஓடையைத் தாண்டிக் கடலில் ஏறியது. அவன் பிடித்திருந்த கை மெல்லத் திரும்பி அவன் விரல்களைக் கோத்துக்கொண்டது. காதுக்கு மிக அருகில், வெகு காலமாகப் பேசாத ஒரு தொண்டை பேசியது.

"ஏங்க... இந்தத் தடவை விட்டுட்டுப் போகலையே."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

செத்தவளுக்குப் பேர் சொல்ல வராது.

பேர் சொல்லிக் கூப்பிட்டவள் கரையில் இருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தான். தீவு மழைக்குள் போயிருந்தது. பக்கத்துப் பலகையில் அவனுடைய கோட்டு மட்டும் கிடந்தது. அதன் கீழே கறுப்புத் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது.

படகைத் திருப்பினார்கள். ஓடை வாயில் தண்ணீர் இல்லை. படகு சேற்றில் ஏறி நின்றது. இறங்கப் போனவனை அய்யாவு இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவன் அவளுடைய பேரைச் சொல்லிக் கத்தினான். தொண்டையில் ரத்தம் கசியும்வரை கத்தினான். பதில் இல்லை.

விடிந்து தண்ணீர் ஏறியபோது கண்டுபிடித்தார்கள். பாக்காவ் வேர்களுக்கு நடுவே மார்புவரை சேற்றில் நின்றபடி இருந்தாள். முகம் கடலைப் பார்த்திருந்தது. ஒரு கையில் தூக்குவாளி. அதை விடுவிக்க முடியவில்லை. அவளோடேயே வைத்துப் புதைத்தார்கள்.

அய்யாவு போலீசிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பெண்கள் என்றபோது அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

அடக்கத்துக்கு அப்பா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இராமலிங்கம் அழவில்லை. அழுகை வரும் இடத்தில் எதுவோ மரத்துப் போயிருந்தது. காரியம் முடிந்த அன்று பொழுது சாயும் நேரத்தில் கிள்ளானுக்குப் போனான். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ரயிலில் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வேலாயுதம் கூடத்தில் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவன் வாசலில் நின்றான்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நாற்காலியோடு சுவர்ப்பக்கம் ஒதுங்கினார்.

"அவளை ஏண்டா கூட்டிக்கிட்டு வந்தே?"

அன்று தலையைக் குனிந்துகொண்டு படகேறியவன் யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இராமலிங்கம் சொன்னான்: "திரும்பிப் பார்க்காதேன்னு சொன்னீங்க. ஏன்னு சொல்லலை."

"மானம் போயிடும்டா. உன் கிட்ட எப்படி..."

"ஒரு வார்த்தைப்பா. அவ ஏங்கன்னுதான் கூப்பிடுவான்னு படகுக்காரன்கூடச் சொன்னான். அதைக் கதைன்னு நினைச்சேன். நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். பேர் கேட்டதுமே திரும்பியிருப்பேன்."

கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் பார்த்தான். வாசற்படியிலிருந்து சிமெண்டுத் தரையில் சேற்றுக் கால்தடங்கள் உள்ளே போயிருந்தன. சின்னக் கால்கள். ஈரம் காயவில்லை. அவை நாற்காலி வரைக்கும் போய் அங்கே நின்றன.

திரும்பி வந்த தடம் இல்லை.

இருட்டில், நாற்காலிக்குப் பக்கத்தில், ஆசையோடு ஒரு குரல் சொன்னது:

"ஏங்க."

இராமலிங்கம் வெளியே வந்து கதவைச் சாத்தினான். கொண்டியை வெளியிலிருந்து மாட்டினான். தெருவில் இறங்கி நடந்தான்.

"இராமலிங்கம்!" அப்பா உள்ளிருந்து கத்தினார். கதவு அதிர்ந்தது.

அவன் திரும்பவில்லை. அது அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

"இராமலிங்கம்! டேய்!"

நடந்துகொண்டே இருந்தான். தெருமுனையில் விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது மூன்றாவது முறையாகக் கேட்டது.

"இராமலிங்கம்."

அது அப்பாவின் குரல் இல்லை. மூச்சிரைக்க ஓடி வந்து நின்றவளின் குரல்.

இந்தத் தடவை உடனே திரும்பினான்.

தெருவில் யாரும் இல்லை. அவனுக்கு ஓரடி பின்னால், காய்ந்த தார் ரோட்டில், ஒரு பித்தளைத் தூக்குவாளி இருந்தது. மூடியில் தங்கமணி என்று வெட்டியிருந்தது. அதன் கைப்பிடி, யாரோ அப்போதுதான் விட்டது போல, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.