நான்கு விரல் செம்பு

"எங்கூட்டுக்காரரு இன்னைக்கு மத்தியானம் கம்பெனியை அடமானம் வெக்கறாருங்க. நீங்கதான் வந்து நிறுத்தோணும்" என்று சுபஸ்ரீ போனில் அழுதாள். துப்பறிவாளர் சித்ரகலா பாதிக் காபியோடு எழுந்துவிட்டார்.

உதவியாளன் ஆரோக்கியராஜுடன் அவர் நல்லூரை அடைந்தபோது, சுபஸ்ரீயின் கணவர் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் தையல் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. இருநூறு குடும்பங்களின் சோறு அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. ஆபீஸ் மேசையில் அடமானப் பத்திரம், துணியை வட்டமாக வெட்டும் கட்டர், பக்கத்தில் ஒரு பெரிய கல். கல்லின் இரு ஓரமும் வெறும் சாம்பல். நடுவே நான்கு விரல் அகலத்துக்கு மஞ்சள் மினுமினுப்பு, அதில் ஒரு சில்லு பெயர்த்த தழும்பு.

"வடக்கே செம்பு மலைங்க, அம்மணி. நூத்துக்குப் பத்துப் பங்கு செம்பு, மலையோ கோடி டன். பெருக்கிப் பாருங்க!" என்றார் மகுடேஸ்வரன். மலையை விற்க வந்த சசிகுமார் எதிரே அமர்ந்து புன்னகைத்தான்.

ஆரோக்கியராஜுக்குப் பொறுக்கவில்லை. "திருமுருகன்பூண்டிச் சிலைக் கல்லுல பித்தளைப் பொடி ஒட்டியிருக்காங்க மேடம்!" என்று சாவியால் சுரண்டினான். சாவிதான் தேய்ந்தது. அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"கல்லு நிஜமுங்க, தம்பி. அண்ணனே லேபுக்கு அனுப்பிப் பார்த்தாரு" என்றான் சசிகுமார்.

"ஆமாங்க. துணியில ஒரு வட்டம் வெட்டி எடை போட்டா ரோல் முழுக்கத் துணி என்ன கனம்னு ஜிஎஸ்எம் சொல்ற ஆளு நானு. அதே மாதிரி நானே சில்லு எடுத்துக் குடுத்தேன்" என்றார் மகுடேஸ்வரன்.

"எந்த இடத்துலங்க?" என்றார் சித்ரகலா.

"மின்னுற இடத்துலதானுங்க."

சித்ரகலா சுவரில் தொங்கிய சாம்பிள் டீ‑ஷர்ட்டின் காலரைப் பிடித்துக் காட்டினார். "இதுல வட்டம் வெட்டி, சட்டை பூரா இதே எடைன்னு பையர்கிட்ட சொல்லுவீங்களா?"

"அதெப்படிங்க? காலர் வேற, உடம்பு வேற..." மகுடேஸ்வரன் கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"துணி ஒரே மெஷின்ல ஓடுது, எங்க வெட்டினாலும் ஒண்ணுதான். மலையை யாரும் நெய்யலீங்க. ரெண்டு ஓரமும் சாம்பல்னா, செம்புக்கோடு இந்தக் கல்லுக்குள்ளயே ஆரம்பிச்சு இதுக்குள்ளயே முடியுது. பத்துப் பங்குங்கறது அந்த நாலு விரலுக்கு. கோடி டன்னுங்கறது மலைக்கு. ரெண்டும் நிஜமா இருக்கலாம், பெருக்கினதுதான் பொய். செம்பு நூத்துக்கு அரைப் பங்கா இருந்தாலும் மலை பூரா பரவியிருந்தா லாபம் வரும். மெல்லிசுக் கோடு மட்டும்னா, பத்துப் பங்கா இருந்தும் தோண்டுற செலவுக்கே காணாது."

சித்ரகலா ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "கோடி டன்னும் பத்துப் பங்குதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, சசிகுமார்."

சசிகுமார் பேனாவை எடுத்தான், மூடினான். "ஒரு போன் பேசிட்டு வந்தர்றனுங்க" என்று வெளியே போனான். கார் கிளம்பிப்போகும் சத்தம் கேட்டது. ஆரோக்கியராஜ் கதவு வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

மகுடேஸ்வரன் பத்திரத்தைக் கட்டருக்கு அடியில் வைத்து அழுத்தித் திருகினார். கத்தரித்த வட்டத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"காலர்ல வெட்டிப்போட்டனுங்க, அம்மணி" என்றார்.