கல் மாற்றும் வேளை

பீரோ இடம் மாறியிருந்தது.

வண்ணமீன் கடையைப் பூட்டிவிட்டு, அன்றாட மீன்வாடையோடு வீட்டுக்குள் நுழைந்து, பழக்கத்தில் சட்டையை மாட்டக் கை நீட்டிய கடைக்காரருக்கு வெறும் சுவர்தான் தட்டுப்பட்டது. நாலு ஆள் சேர்ந்தாலும் முனகிக்கொண்டேதான் நகரும் இரும்பு பீரோ, எதிர்ச் சுவரோரம், ஜன்னலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு, அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி நின்றது.

"இதை யாரு நகர்த்தினது?"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்கதான்னு நினைச்சேன். மத்தியானம் கண்ணசந்துட்டேன், எழுந்து பாத்தா இப்படி இருக்கு."

"நான் கடையிலதானே இருந்தேன்."

"அப்ப அண்ணியாத்தான் இருக்கும்."

"என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு டம்ளரை நகர்த்தினாலே ஊரைக் கூட்டுவேன், நான் பீரோவை நகர்த்துறேனா?" என்றாள் அவருடைய அக்கா, உள்ளறையிலிருந்து.

மனைவி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். கடைக்காரர் சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். புருஷன் போன பிறகு அக்கா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அவர் கேட்டதில்லை. அடுப்பு யாருக்கு, கண்ணாடி யாருக்கு, மின்விசிறி யார் தலைக்கு மேல் என்று தினமும் பஞ்சாயத்து. முந்தாநாள்தான் மனைவி, இந்த வாரத்துக்குள் ஒரு வழி பண்ணாவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவள் வெறும் மிரட்டலுக்குப் பேசுகிறவள் இல்லை. அவள் போய்விட்டால் அவருக்கு இந்த வீடும் ஒன்றுதான், காலித் தொட்டியும் ஒன்றுதான்.

ஆகவே அவர் மேலே துருவவில்லை. நல்ல சரக்கு தானாக வந்து மடியில் விழுந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவன் வியாபாரி இல்லை. அதோடு, கேட்கத் தெம்பும் இல்லை.

அடுத்து கட்டில் திரும்பியது. பிறகு சாப்பாட்டு மேசை. யாரும் பார்க்காத ஒரு கண்ணசந்த நேரத்தில் பிரிட்ஜ். தரையில் ஒரு கீறல் இல்லை, இழுத்த தடம் இல்லை. பெண்கள் இருவரும் எது யாருடைய மூலை என்று தெரியாமல் சுவரைத் தடவித் தடவி, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்தார்கள். குரல்கள் தணிந்துவிட்டன. கடைக்காரர் வெகுகாலம் கழித்து நன்றாகத் தூங்கினார்.

போர்வை எடுக்க முக்காலி போட்டு ஏறிய காலையில்தான் பீரோவின் தலையைப் பார்த்தார். வருஷக்கணக்கான தூசி. அதில் இரண்டு ஓரங்களிலும் அகலமாகத் துடைத்த மாதிரிப் பட்டைகள். அந்த இடத்தில் இரும்பு உள்வாங்கி நசுங்கியிருந்தது. மேலிருந்து பிடித்துத் தூக்கியதுபோல. அவர் இறங்கி, முக்காலியை இருந்த இடத்தில் வைக்கப் போய், அது எந்த இடம் என்று தெரியாமல் விழித்தார்.

மாலையில் கடைக்கு வக்கீல் வந்தார். ஆப்பிரிக்க ஏரிச் சிக்லிட் மீன்களையும் தென்னமெரிக்க ஆஸ்கர் மீன்களையும் ஒரே தொட்டியில் வளர்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள்.

"அன்னைக்கே சொன்னேன் சார். அவனுக்குக் கிணத்துத் தண்ணி மாதிரி கனமா வேணும், இவனுக்கு மழைத்தண்ணி மாதிரி மெலிசா வேணும். தோத்தவன் துடுப்பை மடக்கிக் காட்டினா, இன்னொருத்தனுக்கு அந்தப் பாஷையே புரியாது."

"சொன்னீங்க. சொல்லிக்கிட்டே பையில போட்டுக் கட்டியும் குடுத்தீங்க." வக்கீல் சிரித்தார். "பரவால்ல, நீங்க சொன்ன மாதிரி கல்லையெல்லாம் இடம் மாத்தி வச்சேன். பெட்டிப்பாம்பா அடங்கிட்டானுங்க. எது எவன் இடம்னு தெரியாம முழிக்கிறானுங்க. இனிமே சண்டையே வராதில்ல?"

"கல்லை மாத்துறது சமாதானத்துக்கா சார்?" தொட்டிக்குள் கை விட்டு ஒரு கல்லை மேலிருந்து பற்றித் தூக்கியபடி, ஆயிரம் தடவை சொன்ன அலுப்பில் சொன்னார். "புதுசா ஒண்ணை விடுறதுக்கு. பழசுங்க திகைச்சு நிக்கும்போது விளக்கை அணைச்சிட்டு, புதுசைப் பையோட மிதக்க விட்டு, சூடு ஒத்துப்போனதும் முடிச்சை..."

கல் கையிலேயே இருந்தது. முழங்கை வழியே தண்ணீர் சொட்டியது.

"சின்னதா விடலாமா, பெருசாவா?"

"பெருசுதான் சார். சின்னதை விட்டா, இருக்கிறதுங்க தின்னுரும்."

"பெருசை விட்டா?"

கடைக்காரர் கல்லைப் போட்டுவிட்டு, ஷட்டரைக்கூட இறக்காமல் நடந்தார். பிறகு ஓடினார்.

அந்தி. தெரு முழுக்க விளக்கு. அவர் வீட்டில் மட்டும் இல்லை.

உள்ளே வெதுவெதுப்பு. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோன்ற ஈரச் சூடு. அவர் தொழிலில் ஒருநாளும் முகர்ந்திராத ஏதோ ஒரு தண்ணீரின் வாடை. கூடத்தின் நடுவில் ஒரு சாமான் இல்லை. எல்லாம் ஓரத்தில். மூலையில் மனைவியும் அக்காவும் ஒருத்தியை ஒருத்தி இறுகப் பிடித்தபடி.

"ஏங்க..." என்றாள் மனைவி. "சத்தம் போடாதீங்க."

"எழுந்திரு. வெளிய போயிடலாம். அக்கா, நீயும் வா."

இருவரும் அசையவில்லை. அவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் பார்த்தார்கள்.

திரும்பினார். வந்த வாசல் இல்லை. பீரோ நின்றது.

சத்தமே கேட்கவில்லை.

அவர் பின்வாங்கி, மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். அது குளிர்ந்திருந்தது. அக்காவின் தோள் அவர் தோளில் இடித்தது. மூன்று பேரும் ஒரே மூலையில்.

பிறகு மேலே பார்த்தார்.

கூரை இருந்த இடத்தில், கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஏதோ ஒன்று, பருத்துத் தொங்கியது. உள்ளே கலங்கல். கலங்கலுக்குள் ஏதோ மெதுவாகப் புரண்டது. ஒரு பக்கம். மறுபக்கம். ஒரு கண் வந்து நின்றது. சாப்பாட்டு மேசை அகலம். இமை இல்லை.

அதற்கும் மேலே, அவசரமே இல்லாத விரல்கள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தன.