பரிசோதகரின் ஹார்டு டிஸ்க்

அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். வெளியே பளீரென்று வெயில். யாரும் பயப்படுகிற நேரமே அல்ல. காதுக்காரருக்குப் பயப்படுகிற பழக்கமும் கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எரிச்சல்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகள் இருக்கிற தெருவில் அவருக்கு அதுதான் பெயர். ஒரு ஹார்டு டிஸ்க் சாகப் போகிறதா, இன்னும் கொஞ்ச நாள் தாங்குமா என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டிஸ்க் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்புதான். "இதுல என் கல்யாண போட்டோ எல்லாம் இருக்குங்க" என்று எதிரே நிற்பவர் கண் கலங்கினால், "இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்பார். இன்னொரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றாத ஆட்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவர் வழக்கமில்லை. அன்றைக்கு அவர் தெருவில் மின்சாரம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி போன் செய்தார். லேப்டாப்பை வெளியே கொண்டுவர முடியாது, நீங்கள்தான் வர வேண்டும் என்றார். அதையும் அவர் காற்றில் கரைகிற குரலில் சொன்னதால், "கொஞ்சம் வாயைத் தொறந்து பேசுங்கம்மா" என்று காதுக்காரர் இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது.

பழைய கட்டடம், இரண்டாவது மாடி. படிக்கட்டு செங்குத்தாக, குறுகலாக இருந்தது. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயது சொல்லலாம். இடது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. பின்னால் மகள் நின்றாள், முப்பதைத் தாண்டியவள். இருவருமே சத்தம் வராமல் நடந்தார்கள், தூங்குகிற குழந்தை உள்ள வீட்டில் நடப்பதுபோல.

"உள் ரூம்ல இருக்கு தம்பி" என்று அம்மா கிசுகிசுத்தார்.

"யாராவது தூங்கறாங்களா?"

"இல்ல."

அப்புறம் எதற்கு இந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டே காதுக்காரர் உள்ளே போனார்.

அறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. பூட்டிக் கிடந்த துணி அலமாரியின் வாடை. அதோடு சூடான பிளாஸ்டிக் வாடை. சுவரை ஒட்டி ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜை மேல் தடிமனான, ஓரம் தேய்ந்த பழைய லேப்டாப் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

டிக்.

சற்று இடைவெளி. பிறகு, டிக். டிக். அதைத் தொடர்ந்து ஒரு சின்ன உறுமல்.

தீர்ப்புச் சொல்ல அதுவே போதும். இருந்தாலும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், வைத்தார், கண்ணை மூடினார். உள்ளே வட்டு சுற்றியது. படிக்கும் முள் தன் இடத்தைத் தேடிப் போனது, கிடைக்காமல் திரும்பி வந்து முட்டிக்கொண்டது, மறுபடியும் போனது.

"இழுத்துக்கிட்டு இருக்கு. இன்னிக்கு, மிஞ்சிப்போனா நாளைக்கு."

அம்மா கைகளைக் கோத்துக்கொண்டார். "நிச்சயமா சொல்றீங்களா தம்பி?"

"நான் என்ன ஜோசியமா சொல்றேன்? ஃபோல்டர் திறக்க நேரமாகுதா? நடுவுல அப்படியே உறைஞ்சு நிக்குதா?"

"ஆமா" என்றாள் மகள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா டிக் டிக்னு கத்துது, நீங்க வேடிக்கை பாத்துட்டு இருந்தீங்க. இன்னொரு காப்பி இருக்கா?"

"இல்ல சார்."

"இருக்காதே" என்று காதுக்காரர் தலையை ஆட்டினார். அப்போதுதான் கவனித்தார். அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களில் வருத்தம் இல்லை. வெட்கம்கூட இல்லை. ஏதோ நல்ல சேதி கேட்டவர்கள் மாதிரி இருந்தது. சில பேருக்கு எது வந்தாலும் உறைக்காது என்று அவர் அதையும் தள்ளிவிட்டார்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு குறிப்பு வைத்திருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் கெட்டுப்போய்க் கைவிடப்பட்டன என்று. அதைத் திறந்தார். கைவிடப்பட்ட இடங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒரு டிக் கேட்டது, எண் ஒன்று கூடியது. இன்னொரு டிக், இன்னொன்று. காதுக்கும் கண்ணுக்கும் ஒரே சாட்சி. அவருக்கு அதில் ஒரு திருப்தி.

காப்பாற்றுகிற மாதிரி இதில் என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒரே ஒரு கோப்பு. 'குறிப்பு' என்று பெயர். கடைசியாகத் திருத்தப்பட்டது அன்றைக்கேதான், சில நிமிடங்களுக்கு முன்பு.

திறந்தார். பக்கம் பக்கமாக ஓடியது. கடைசிக்குப் போனார்.

"6.40. இன்னும் படுக்கை மடிக்கப்படவில்லை. சோம்பேறிக் கூட்டம்.

8.15. மகள் கண்ணாடி முன் நான்கு நிமிடம். பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

10.58. எவனையோ வரவழைத்திருக்கிறார்கள். சட்டைக் காலரில் அழுக்கு."

காதுக்காரரின் கை தன்னையறியாமல் காலருக்குப் போனது.

"யார் இதை எழுதறது?" என்று திரும்பிக் கேட்டார்.

மகள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே சொன்னாள். "அப்பா."

"எங்க அவரு?"

"போன வருஷம் தவறிட்டாரு. அந்த நாற்காலியிலதான்."

காதுக்காரர் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும், இருவரும் அரண்டுபோனார்கள். அம்மா உள்ளே வந்து, அவர் காதருகே குனிந்து, அவசர அவசரமாகச் சொன்னார். அவர் கணவர் போல்ட், நட்டு செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். இருபத்தெட்டு வருஷம் குறை கண்டுபிடித்து ஒதுக்குவதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை. மனைவியும் மகளும் அன்றன்றைக்குச் செய்த தப்புகளை நேரம் போட்டு எழுதுவார். சாப்பிடும்போது அதை வாசிப்பார். வாசித்து முடிக்கும்வரை இவர்கள் நிற்க வேண்டும்.

"காரியமெல்லாம் முடிஞ்சு நாலாம் நாள் பாக்கறேன், எழுதியிருக்கு. அழிச்சுப் பாத்தோம். ஒயரைப் புடுங்கிப் பாத்தோம். தூக்கிப் போட்டுடலாம்னு எடுத்துட்டு இறங்கினேன், படியில உருண்டேன்." கோணல் மணிக்கட்டைக் காட்டினார். "இப்பதான் தானா கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்கு. அதுவா நிக்கட்டும்னு காத்துட்டு இருக்கோம் தம்பி. எப்ப நிக்கும்னு சொன்னீங்க, அது போதும். நீங்க கிளம்புங்க."

இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் காதுக்காரர். படித்த மாதிரி தெரிகிறது, வீட்டில் புத்தக அலமாரி வேறு. மகள் எங்கிருந்தோ தட்டுகிறாள், இந்த அம்மா நம்புகிறார். அல்லது இரண்டு பேருமாகச் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிப் பார்க்கிறார்கள். அவர் மகளின் கைகளைப் பார்த்தார். இரண்டும் வெறும் கைகள். கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தன.

குனிந்து கீபோர்டைப் பார்த்தார்.

எல்லா எழுத்துகள் மேலும் தூசி. ஒரு விரல் தடம்கூட இல்லை.

டிக்.

திரையில் புதிய வரி ஓடியது.

"11.21. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறான். இவனெல்லாம் ஒரு தொழில்காரன்."

டிக். டிக்.

"11.22. சாகிற டிஸ்க்கைப் பார்த்துச் சாகிறது என்று சொல்ல இவன் எதற்கு? பிரதி எடுக்கத் துப்பு இருக்காது."

காதுக்காரரின் காது மடல் சூடேறியது. பதினாறு வருஷத் தொழிலில் அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்கிற வேலை அவருடையது. அந்த ஒரு நிமிடம் அவருக்குப் பயம் வந்திருந்தால் பிழைத்திருப்பார். அவருக்கு வந்தது ரோஷம்.

பையிலிருந்து பென் டிரைவையும், புதிதாக வாங்கிய வெளி டிஸ்க்கையும் எடுத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் அம்மா.

"காப்பி எடுக்கப் போறேன். முழுசா, ஒரு புள்ளி விடாம."

"வேண்டாம் தம்பி."

"சார், உங்களை நாங்க காப்பி எடுக்கச் சொல்லலையே" என்றாள் மகள்.

"உங்களுக்கெல்லாம் எது வேணும், எது வேண்டாம்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு வந்திருக்கேன்?"

அம்மா அவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டார். லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவில் இருந்த மென்பொருளைக் கொண்டு எழுப்பி, பிரதியைத் தொடங்கினார்.

சாகிற டிஸ்க்கிலிருந்து எடுப்பது பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற வேலை. முள் தடுமாறும், சிக்கும், பாதியில் எல்லாமே நின்றுபோகும். அவர் அதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

ஒன்றும் தடுமாறவில்லை.

பத்து சதவிகிதம் ஆனபோது டிக் சத்தம் குறைந்தது. முப்பதில் உறுமல் அடங்கியது. ஐம்பதுக்கு மேல் அந்த டிஸ்க் நேற்று வாங்கியதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்படி ஒரு டிஸ்க் குணமானதை அவர் பார்த்ததில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார்.

உள்ளே சீரான, நிதானமான சத்தம். மூட்டை கட்டி முடித்துவிட்டு வண்டிக்குக் காத்திருப்பவர் விடுகிற மூச்சு மாதிரி.

அறையின் சூடான பிளாஸ்டிக் வாடை மெல்லக் குறைந்தது.

அவருடைய கையில் இருந்த புது டிஸ்க் சூடாகத் தொடங்கியது.

நூறு.

லேப்டாப்பின் டிஸ்க் நின்றது. சட்டென்று, கையால் பிடித்து நிறுத்தியதுபோல. எத்தனை தடவை அழுத்தியும் எழுந்திருக்கவில்லை.

அம்மா மேஜை அருகில் வந்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை ஒரே இழுப்பில் தள்ளினார். வெயில் அறை முழுக்க விழுந்தது.

"அது நின்னுடுச்சும்மா" என்றாள் மகள். முதல்முறையாக அவள் குரல் முழுசாகக் கேட்டது. கணீரென்ற குரல்.

"நான் எடுத்த காப்பியை உங்க வேற கம்ப்யூட்டர்ல போட்டுத் தர்றேன்" என்றார் காதுக்காரர், இன்னும் ரோஷம் அடங்காமல்.

அம்மா அவரைப் பார்த்தார். கொஞ்சம் பரிதாபம் இருந்தது அந்தப் பார்வையில். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"இங்க வேண்டாம். எடுத்துட்டுப் போயிடுங்க."

அவரை வாசல் வரைக்கும் கொண்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. காதுக்காரர் படியில் இறங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். உருளவில்லை.

கடைக்கு வந்தபோது மின்சாரம் வந்திருந்தது. வெளி டிஸ்க்கைச் செருகி, அந்தக் கோப்பைத் திறந்தார். மகளின் தந்திரம் என்னவென்று கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் எண்ணம்.

"12.34. சுவரைத் தொட்டுத் தொட்டுப் படி இறங்குகிறான். கோழை.

12.50. பஸ்ஸில் ஒரு கிழவி நின்றாள். இவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்."

பஸ்ஸில் அந்த டிஸ்க் எந்தக் கம்ப்யூட்டரோடும் இணைக்காமல் பைக்குள் கிடந்தது.

அவர் கோப்பை அழித்தார். டிஸ்க்கையே முழுசாகத் துடைத்து வெறுமையாக்கினார். பிறகு அதுவும் போதாமல், கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுத்தியலால் அடித்தார். சுற்றுகிற வட்டோ முள்ளோ இல்லாத புது ரக டிஸ்க் அது. உள்ளே வெறும் சில்லுகள்தான். அவை பொடியாகும்வரை அடித்து, பொடியை மூன்று இடங்களில் கொட்டினார்.

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கடைக்கு வந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் திறந்து பார்த்தார். எதிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரை உட்காரச் சொன்னார்.

நான்காம் நாள் முற்பகலில் மனைவி போன் செய்தாள். வீட்டிலிருந்தபடி மற்றவர்களுடைய ஆய்வுக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பவள் அவள். வேலை நேரத்தில் போன் செய்தால் அவர் எரிந்து விழுவார் என்பதால் அநேகமாகச் செய்யமாட்டாள்.

"வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல. கடையிலேர்ந்து என் கம்ப்யூட்டருக்கு எதுக்கு இப்படி அனுப்பிட்டு இருக்கீங்க? நான் இந்தக் கட்டுரையை மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்."

"என்ன அனுப்பினேன்?"

"பால் பொங்கி வழிஞ்சது, மூணு தடவை தப்பா அடிச்சேன்னெல்லாம். காலையிலேர்ந்து வந்துட்டே இருக்கு."

"அதை நான்தான் எழுதினேன்னு உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நீங்க பேசற மாதிரியே இருந்துச்சு. நீங்கதான்னு நினைச்சுட்டேன்."

பக்கத்துக் கடையில் யாரோ ஷட்டரை ஏற்றினார்கள். வெயில் கண்ணாடிக் கதவில் விழுந்து கூசியது.

"பாருங்க, இப்பவும் வருது" என்றாள் அவள். மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தாள். "'போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறான். மனைவியை எச்சரிக்கக்கூடத் துப்பில்லை.'"

போனில் அவள் மவுஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இது யாரைப் பத்திங்க?"