முட்டை அட்டைச் சுவர்

செவ்வாய்க்கிழமை, காலை 11.05. பாளையங்கோட்டையில் தன் கட்டிலிலேயே செத்துக் கிடந்தார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஞானையா. ஆஸ்துமாக்காரர். மூச்சு முட்டினால் அடிப்பதற்காகக் கட்டில் கம்பியில் கட்டியிருந்த வெண்கல மணி, அலமாரி உச்சியில் இருந்தது.

12.10. இன்ஸ்பெக்டர் முத்துராணி வருவதற்குள் பழி ஒருத்தி தலையில் விழுந்திருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளும் இசக்கித்தாய்தான் தொந்தரவு தாங்காமல் மணியை அவிழ்த்து மேலே வைத்துவிட்டு வெளியே போனாள் என்றான் மகன் எஸ்றா. பத்து மணிக்கு, தீர்ந்துபோன இன்ஹேலர் வாங்கத்தான் போனேன், மணியைத் தொடவே இல்லை என்றாள் அவள். மருந்துக்கடைக் கேமராவில் 10.10 முதல் 10.50 வரை கூட்டத்தில் நின்றிருந்தாள். ஆனால் மணியை யார் எடுத்தார்கள் என்று கேமரா சொல்லாதே. அவள் ஜெயிலுக்குப் போனால் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் அநாதை.

பத்திலிருந்து பதினொன்று வரை எஸ்றா பக்கத்து அறையில்தான் இருந்தான். பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு வகுப்பு.

"எனக்கு ஒண்ணும் கேக்காது மேடம். சுவரைப் பாருங்க."

முத்துராணி பார்த்தாள். நடுச்சுவர் முழுக்க முட்டை அட்டை. வகுப்புக்குள் வெளிச்சத்தம் வராமலிருக்கப் பரோட்டாக் கடைகளில் சும்மா வாங்கிவந்து பசை போட்டு ஒட்டியிருந்தான். ஏட்டு தேவேந்திரன் தடவிப் பார்த்து, இதைத் தாண்டி இடிகூடக் கேட்காது என்று தலையாட்டினார்.

முத்துராணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தம் பொறுக்காமல் போன வருஷம் அவளும் போலீஸ் குடியிருப்பில் இதே வேலையைச் செய்தவள். விரல் நகமெல்லாம் பசை. மறுநாள் காலையில் மிக்ஸி அப்படியே கேட்டது. அறைக்குள் எதிரொலி அடங்கியது, அவ்வளவுதான். அடுத்த பக்கத்துச் சத்தத்தை மறிக்கக் கனம் வேண்டும். காகித அட்டையில் கனம் ஏது?

12.40. கதவுகளைச் சாத்தச் சொல்லிவிட்டு எஸ்றாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த அறையில் தேவேந்திரன் கைக்குட்டையால் மணியைப் பிடித்து அடித்தார். கணீரென்று கேட்டது. அவள் காதுக்குக் கேட்டது மைக்குக்கும் கேட்டிருக்குமே.

எஸ்றாவிடம் வகுப்புப் பதிவைக் கேட்டாள். அழிந்துவிட்டது என்றான். வகுப்புப் பிள்ளைகளிடம் போனில் விசாரித்தாள். வகுப்புக்கு வராத தோழிகளுக்காகப் பாடத்தைப் பதிந்து வைக்கும் மாணவி ஸ்டெபி, ஆழ்வார்குறிச்சியிலிருந்து 1.15-க்கு அதை அனுப்பினாள்.

பதிவில் நேரம் 10.22. மணிச் சத்தம். மறுபடியும் மணிச் சத்தம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "ஒரு நிமிஷம்" என்று எஸ்றா எழுந்து போகிறான். அதன்பின் கடைசிவரை மணிச் சத்தமே இல்லை.

"பத்து மணிக்குப் போனவ அலமாரி மேல வச்சிருந்தா, பத்து இருபத்திரண்டுக்கு அவரு எப்படி வே மணி அடிச்சிருப்பாரு? வீட்டுல இருந்தது நீரும் அவரும்தான். நீருதான் எடுத்திருக்கீரு."

எஸ்றா தரையைப் பார்த்தான்.

"தினமும் இதே கதை மேடம். பிள்ளைங்க சிரிக்குது. பாதிப் பாடத்துல எப்படி எந்திரிக்க?"

அடித்துவிடுவோமோ என்று பயந்து முத்துராணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மணியைப் பிடுங்க எந்திரிச்சீருல்லா? அப்பமே ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போட்டிருந்தா ஒம்ம அப்பா உசுரோட இருந்திருப்பாரு."

எஸ்றா கைகளை நீட்டினான். தேவேந்திரன் விலங்கு மாட்டினார். இசக்கித்தாயை வீட்டுக்குப் போகச் சொன்னாள் முத்துராணி. அவள் போகவில்லை. வாத்தியாரையாவைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை என்று ஆஸ்பத்திரி வண்டியில் ஏறி, அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.