எதிர் நாற்காலி

ரேடியோ தொலைநோக்கியின் டிஷ்ஷை வெற்று வானத்தின் பக்கம் திருப்பிய பிறகும் திரையில் சிக்னல் கோடு இறங்கவில்லை.

இறங்கியாக வேண்டும். கொஞ்ச நேரம் நட்சத்திரத்தைப் பார்ப்பது, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்ப்பது, அதிலிருந்து இதைக் கழிப்பது: அவள் வேலையே அதுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் இரட்டை நட்சத்திரம். ஒன்றுக்கொன்று ஒரே முகத்தைக் காட்டியபடி, அத்தனை நெருக்கமாகச் சுற்றுபவை. அந்த வேகத்தில் அவற்றின் வெளிப்போர்வையான கொரோனா கொதித்து ரேடியோ அலைகளைக் கக்கும். (வெளியே கொரோனா என்று சொன்னால் ஜனங்கள் இன்னமும் மூக்கைப் பொத்துகிறார்கள்.)

"நம்மள மாதிரிதான்," என்பான் எதிர் மேஜையிலிருந்து அவள் கணவன். "சண்டை போட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்க முடியாது."

அவன் இறந்து ஒரு வருஷமாகிறது. அவனுடைய நாற்காலியை எடுக்கச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

கோடு இறங்காவிட்டால் அலை வானத்திலிருந்து வரவில்லை, கட்டடத்துக்குள்ளிருந்தே வருகிறது என்று அர்த்தம். ஏதாவது பாழாய்ப்போன மின்விசிறியாக இருக்கும். பள்ளி விடுமுறை என்று கூடவே வந்திருந்த மகள் ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருக்க, அவள், அலை வரும் பக்கம் இரையும் கையடக்க ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினாள். விசிறியை நிறுத்தினாள், விளக்கை அணைத்தாள், கெட்டிலின் ஒயரைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றும் அடங்க அடங்க, கண்ணாடியில் விழும் பகல் மழையும், தாளில் பென்சில் உரசுவதும், தன் மூச்சும் பெரிதாகக் கேட்டன. கருவியின் இரைச்சல் மட்டும் குறையவில்லை. அவன் நாற்காலிக்கு நேரே நீட்டியபோது அது வீறிட்டது. அங்கே அவனுடைய ஷேவிங் சோப்பின் வாசனை அடித்தது.

திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் கோடு ஏறியது. எழுந்தாள், தாழ்ந்தது. மறுபடி உட்கார்ந்தாள், ஏறியது.

பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டது.

"வந்துட்டியா?" என்றாள்.

கோடு திரையின் உச்சியைத் தொட்டது. எதிர் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

"அம்மா, பசிக்குது."

மகள் பக்கம் திரும்ப நினைத்தாள். கழுத்து அசையவில்லை. வலியில்லை. யாரும் பிடிக்கவும் இல்லை. கண்கள்கூட நகரவில்லை.

"விட்டுடு," என்று கெஞ்சினாள். "பாப்பா கூப்பிடுறா. அவளுக்கு நான் ஒருத்திதானே இருக்கேன்?"

சின்னக் காலடிகள். இடப்பக்கம். பின்னால். வலப்பக்கம். எதிரே வந்து நின்றால் போதும், குழந்தை முகத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம். காலடிகள் மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போயின. நேர் எதிரே நின்றன.

அங்கே மகள் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ற? எந்தப் பக்கம் வந்தாலும் உன் முதுகுதான் தெரியுது."

நாற்காலியில் இப்போது அவன் முகம் இருந்தது. மகளின் குரல் வந்த பக்கம் திரும்ப முயன்று, முடியாமல், அவளையே பார்த்து அழுதுகொண்டிருந்தது. குழந்தை விம்மியபடி அவர்களை மறுபடியும் சுற்றிவரத் தொடங்கினாள்.