வெட்டிப் பார்த்த பேட்டரி

பாண்டெலிஸ் மாமாவின் குரல் போயே போய்விட்டது. கிரேக்க நாட்டின் வோலோஸ் நகரத் தெருக்களில் வேனை ஓட்டிக்கொண்டு, "தர்பூசணி! வெட்டிக் காட்டித் தர்றேன்!" என்று காலையிலிருந்து கத்தினால் தொண்டை என்ன செய்யும், பாவம்? ஒலிபெருக்கிதான் நேற்றே ஊமையாகிவிட்டதே!

வேன் நிறையப் பழங்கள். வெயிலோ கொளுத்தியது. சீக்கிரம் விற்காவிட்டால் எல்லாம் அழுகிவிடும்.

அவர் நேராகச் சிறுமி அரேத்தியின் அம்மா ஃபோத்தினி நடத்தும் பேட்டரிக் கடைக்குப் போனார்.

"இதைக் கொஞ்சம் பாரும்மா, ஃபோத்தினி" என்று ஒலிபெருக்கியின் பேட்டரியை நீட்டிக் கிசுகிசுத்தார்.

"பாக்கறேண்ணே" என்று அம்மாவும் கிசுகிசுத்தார்.

"ஏம்மா ரகசியம் பேசறீங்க?" என்று அரேத்தியும் கிசுகிசுத்தாள். மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா உறையைப் பிரித்தார். உள்ளே குட்டிக் குட்டி செல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றையும் மின்னழுத்தம் காட்டும் மீட்டரால் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு செத்தே போச்சுண்ணே. மத்ததுக்கும் வயசாயிடுச்சு. எல்லாத்தையும் மாத்திடுவோம்."

மாமாவின் புருவம் ஏறியது. "மத்ததெல்லாம் மீட்டர்ல சரியாத்தானே காட்டுது? என் காதுலயே பூ சுத்தறியா?"

பேட்டரியை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்.

அரேத்திக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை பழமும் வீணாகிவிடுமே! பின்னாலேயே ஓடி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"மாமா, உங்க பழத்தைத் தட்டிப் பாத்தே வாங்கிடலாமா?"

"அதெப்படி? சில பழம் தட்டினா நல்லாத்தான் சத்தம் கொடுக்கும். வெட்டினா உள்ளே வெள்ளையா இருக்கும். அதனாலதான் நான் வெட்டிக் காட்டறேன்."

"மீட்டரும் சும்மா தட்டிப் பாக்கற மாதிரிதான் மாமா. வாங்க, இதையும் வெட்டிப் பாத்துடலாம்!"

"அடியே! கத்தியோட செல்லுகிட்ட போனே, தொலைச்சுடுவேன்!" என்று அம்மா உள்ளேயிருந்து அலறினார்.

"கத்தி இல்லம்மா, பல்பு!"

அரேத்தி அவரைக் கடைக்குள் இழுத்து வந்து, ஒரு சின்ன பல்பைப் புதிய செல்லோடு சேர்த்தாள். பளிச்சென்று எரிந்தது. பிறகு பழைய செல்லோடு சேர்த்தாள். அதுவும் எரிந்தது. 'பார்த்தாயா?' என்பதுபோல மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பல்பு மங்கி, அணைந்தே போனது. அடுத்த செல்லும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"அட, எல்லாமே வெள்ளை!" என்றார் மாமா. "மன்னிச்சுக்கோ ஃபோத்தினி. எல்லாத்தையும் மாத்திடும்மா."

அம்மா புதிய செல்களை இணைத்து முடித்ததும், மாமா ஒலிபெருக்கியில் மெல்லக் கிசுகிசுத்தார். "தர்பூசணி... வெட்டிக் காட்டித் தர்றேன்..."

அந்தக் கிசுகிசுப்பு தெருக்கோடி வரை கேட்டது. ஜன்னல்கள் திறந்தன. செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்கள் ஓடி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் வேனில் ஒரே ஒரு பழம்தான் மிச்சம். அதை அவர் அரேத்திக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். வெட்டினார். செக்கச் செவேலென்று இருந்தது.

அவள் ஒரு கடி கடிப்பதற்குள் மாமா மறுபடியும் ஒலிபெருக்கியைத் தூக்கினார். "எல்லாரும் கேளுங்க! இந்தக் கடையில பேட்டரியையும் வெட்டிக் காட்டறாங்க!"

"ஐயோ, அண்ணே!" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதற்குள் பழைய பேட்டரிகளோடு வாசலில் வரிசை நின்றுவிட்டது. அரேத்தி வாயில் வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டு பல்பைக் கையில் எடுத்தாள்.