மூப்பர் வாயில் போட்ட அரிசி

தங்கையன் தன் பெண்டாட்டி அம்சத்தையும் ஐந்து வயது மகள் கண்ணாத்தாளையும் கூட்டிக்கொண்டு, மன்னார்குடிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மூட்டை, ஒரு பானை, அவ்வளவுதான் சொத்து. கூடுதல் கூலி கேட்டதற்குச் சொந்த ஊரில் குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். ஆட்சி மாறியிருந்தது, மிராசுதார்கள் மாறவில்லை. வந்தவர்களுக்கு இடம் கொடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை, சபை மூப்பர் மாசிலாமணியைத் தவிர.

மாதாகோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையைத் திறந்துவிட்டார். வேதக்காரர்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று ஒதுக்குவார்கள். மூப்பர் அதை வீடு வீடாக வாங்கி, தகர டப்பாவில் பொழுது சாயக் கொண்டுவருவார். வாசலில் நின்று "ஸ்தோத்திரம்" என்பார். அதில் ஒரு மணியைக்கூட அவர் தின்றதில்லை.

"ஏழைக்குன்னு வந்தது, எனக்கு ஆகாதும்மா. மொதல்ல பிள்ளைக்குப் போடு."

தங்கமான மனுஷன். வெளியூர்க்காரனைச் சேர்த்துக்கொண்டார் என்ற ஆத்திரத்தில் அவரை மிராசுதார் ஆட்கள் அடித்துக் கொன்று வாய்க்காலில் போட்டார்கள். வழுக்கி விழுந்து செத்ததாகப் போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், பாவிகள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தியில் அம்சம் விளக்கேற்றினாள். எங்கிருந்தோ வாய்க்கால் சேற்று வாடை வந்தது. மூலையில் இருந்த மூப்பரின் டப்பாவுக்குள் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

மணி மணியாக.

திறந்து பார்த்தாள். ஈரம் சொட்டும் ஒரு பிடி அரிசி.

வெளியே கொட்டினாள். மறுநாளும் அதே வாடை, அதே அரிசி. புருஷனிடம் காட்டியதும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"பெட்டிய மூடுறதுக்கு முந்தி, யாரும் பாக்காதப்போ, அந்த டப்பாவுலேருந்து எடுத்து அவருக்கு வாய்க்கரிசி போட்டேன்," என்றான். "சோறு போட்டவர வெறும் வாயோட அனுப்ப மனசு வரல."

"அவங்கள்ல அந்த வழக்கம் கெடையாதே. அதுவும் இந்த அரிசியவா போட்ட?"



அந்த வாரம் கூலித் தகராறு முற்றி வேலை நின்றது. பிடி அரிசி வாங்கிவரவும் ஆளில்லை. கண்ணாத்தாள் பசியில் அழுதழுது சுருண்டுவிட்டாள். டப்பாவில் மட்டும் தவறாமல் ஒரு பிடி. பிணத்தின் வாயிலிருந்து திரும்பிய அரிசியைப் பெற்ற பிள்ளைக்கு எவள் பொங்கிப் போடுவாள்? அம்சம் டப்பாவைத் தூக்கிப்போய் வாய்க்காலில் எறிந்தாள். விடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று அந்தியில் மூலையில் சத்தம் இல்லை. அம்சத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு சேற்று வாடை.

வாசலில் தணிந்த குரல். "ஸ்தோத்திரம். பிள்ளை சாப்பிட்டுச்சா?"

தங்கையன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். விளக்கு அணைந்தது. ஈரக் காலடிகள் அவர்களைக் கடந்து, கண்ணாத்தாள் படுத்திருந்த பாய்ப்பக்கம் போய் நின்றன.

அப்புறம் ஒன்றுமில்லை.

அம்சம் விளக்கை ஏற்றினாள். தரையெல்லாம் வாய்க்கால் தண்ணீர். மகள் மல்லாந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அம்சம் அவள் வாயைத் திறந்து பார்த்தாள்.

ஈர அரிசி.

விரலால் வழித்து வழித்து வெளியே போட்டாள். வழிக்க வழிக்க, பிள்ளையின் வாய் நிறைந்துகொண்டே இருந்தது.